மன்னாரிலிருந்து சைக்கிளில்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், கல்லூரியின் முன்னாள் சாரணியர் பொறுப்பாசிரியை ஆற்றிய உரை)



நூற்றாண்டு ஆண்டில் சாரணியர் பிள்ளைகளை மறுபடியும் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் கூட்டிவருவது பற்றி நிருவாக சபையில் பேசப்பட்டதாக அறிந்தேன். சைக்கிள் வேண்டாம், ஆபத்து, ஒரு நல்ல பஸ் பிடித்துக் கூட்டிப் போகலாம் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. செயலாளர் என்னிடம், "நீங்கள் இரண்டு முறை போனனீங்கள்தானே ரீச்சர், எப்படித் திட்டமிடுறது எண்டு வந்து சொல்லுங்கோ" என்றார். இரண்டு முறை போனோம் என்பது உண்மைதான். ஆனால் முதன்முறை போய்ச் சேரவில்லை. திட்டமிடல் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் போய்ச் சேராத பயணத்தில் படித்ததுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் கேரதீவிலிருந்து சங்குப்பிட்டிக்குப் பாதையில் ஏறிக் கடந்த காலம் என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். பின்னர் போர் அந்த வழியையே மூடிவைத்தது. பாலம் வந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு வழியாக மன்னாருக்கு ஏ 32 வீதியால் போகக்கூடியதாயிற்று. நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரம். நம்முடைய பிள்ளைகளில் பலர் பரந்தன் தாண்டித் தம் சொந்த மாகாணத்தையே பார்த்ததில்லை. அதனால் 2012 ஓகஸ்ட் விடுமுறையில் 22 மாணவிகளையும் இரண்டு ஆசிரியைகளையும் அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் நோக்கிப் புறப்பட்டேன்.

திட்டம் என்னுடையதல்ல. அதே வீதியால் முன்னர் போய்வந்த ஆண்பிள்ளைகளின் சாரணர் குழு ஒன்றின் திட்டத்தை வாங்கி, திகதியை மாத்திரம் மாற்றினேன். அதில் எல்லாம் இருந்தது. எத்தனை மணிக்கு எங்கே, எத்தனை கிலோமீற்றர், எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை, யார் முதலுதவிப் பெட்டி என்று அழகாக எழுதியிருந்தார்கள்.

முதல் நாள் பூநகரிக்கு முப்பது கிலோமீற்றர்தான். பத்து மணிக்குச் சேருவோம் என்று நினைத்தேன். சேர்ந்தபோது ஒரு மணி. ஓகஸ்டில் சோளகம் எந்தப் பக்கத்திலிருந்து வீசும் என்பது இந்த மண்ணில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நாங்கள் போனது தெற்குநோக்கி. மரமில்லாத அந்த வெளியில் காற்று நேரே முகத்தில் அடித்தது. பெடலில் எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் நகரவில்லை.

இரண்டாம் நாள் முழங்காவிலைத் தாண்டி வெள்ளாங்குளம் போகும் வழியில், பத்தரை மணியளவில், பத்தாந்தரப் பிள்ளை ஒருத்தி சைக்கிளிலிருந்து இறங்கி வீதியோரம் இருந்தாள். "ஒண்டுமில்லை ரீச்சர்" என்றாள். பிறகு சரிந்துவிட்டாள். உடம்பு கொதித்தது, வியர்வை இல்லை, சொல்லுவது விளங்கவில்லை. வலைப்பந்தாட்ட அணியில் விளையாடுகிற பிள்ளை, எங்கள் எல்லோரிலும் பலமானவள். அவ்வழியால் வந்த லொறி ஒன்றில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்றினார்கள். மாலையில் கண் திறந்து கதைத்தாள். மற்றப் பிள்ளைகளைப் பஸ்ஸில் திருப்பி அனுப்பினோம். அந்த இரவு நான் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அவளுடைய தண்ணீர்ப் போத்தல் என் மடியில் இருந்தது. காலையில் நிரப்பியது அப்படியே இருந்தது. "ஏன் பிள்ளை குடிக்கேல்லை, நான் எத்தினை தரம் சொன்னனான்?" என்று கேட்டேன். அவள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "தண்ணி குடிச்சா பிறகு வழியிலை எங்கை ரீச்சர் போறது?"

அடுத்த நாள் கல்லூரிக்கு வந்து மற்றப் பிள்ளைகளிடம் விசாரித்தேன். அன்று காலையிலிருந்து அரைப் போத்தலேனும் குடித்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களுக்கும் அவளுடைய காரணம்தான். அந்த வீதியின் இருபக்கமும் பற்றைக்காடு. ஆனால் அந்தக் காலத்தில் பற்றைக்குள் காலடி வைக்க முடியாது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் வீதியோரம் நட்டிருந்தன. மிதிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆண்பிள்ளைகள் வீதிக்கரையில் நின்றபடியே காரியத்தை முடித்திருப்பார்கள். அதனால்தான் அவர்களுடைய திட்டத்தில் மலசலகூடம் என்ற சொல்லே இல்லை. நானும் ஒரு பெண். பயணம் போகும்போதெல்லாம் தண்ணீர் குடிக்காமல் போய்ப் பழகியவள். அப்படியிருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை. 22 பிள்ளைகளில் ஒருத்திகூடக் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்பதை நான்தான் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்தத் தாய் என்னை ஏசவில்லை. "அடுத்த முறை எப்பிடிப் போவியள்?" என்று மட்டும் கேட்டா. அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

2013 இல் திட்டத்தைப் புதிதாக எழுதினோம். முதலில் எழுதியது கிலோமீற்றர் அல்ல, மலசலகூடங்கள். ஜூன் மாதத்தில் நானும் இன்னோர் ஆசிரியையும் இரண்டு வார இறுதிகளில் அந்த வீதி முழுவதும் போனோம். பாடசாலை, கோயில், தேவாலயம், கிராம அலுவலர் அலுவலகம், தேநீர்க் கடை, வீதிக்கரை வீடு என்று ஒவ்வொரு வாசலிலும் இறங்கிக் கேட்டோம். ஒரு அப்பியாசக் கொப்பியில் ஐந்து நிரல் போட்டோம்: இடம், தண்ணீர் உண்டா, வாளி உண்டா, கதவுக்குக் கொளுக்கி உண்டா, திறப்பு யாரிடம். நம்புங்கள், கடைசி நிரல்தான் முக்கியமானது. விடுமுறையில் பாடசாலை மலசலகூடம் பூட்டியிருக்கும், திறப்பு வைத்திருப்பவர் வயலுக்குப் போயிருப்பார்.

எட்டுப் பத்துக் கிலோமீற்றருக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்தோம். அந்தத் தூரம் எங்கள் வேகத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட வரும். இடம் கிடைக்காத பகுதிகளுக்கு நாலு கம்பும் ஒரு தறப்பாளும் ஒரு மண்வெட்டியும் பட்டா வாகனத்தில் ஏற்றினோம். வெட்டை வெளியில், மிதிவெடி அகற்றப்பட்டது என்று ஊரவர் உறுதியாகக் காட்டிய இடத்தில் மாத்திரம், பத்து நிமிடத்தில் ஒரு மறைப்பு எழும்பிவிடும். நிற்கும் இடமெல்லாம் எல்லோரும் இறங்க வேண்டும், எல்லோரும் வரிசையில் போக வேண்டும் என்று விதி வைத்தோம். தேவை உள்ளவர் மட்டும் போகலாம் என்றால் ஒருத்தியும் போகமாட்டாள். எல்லோரும் போவது என்றால் யாருக்கும் வெட்கமில்லை.

மாதவிடாய்க்கும் அதே முறைதான். திகதியை யாரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு சிறிய பொதியை நாங்களே வைத்துவிட்டோம். தேவைப்பட்டவள் பாவித்தாள். வயிற்றுநோ என்றால் வாகனத்தில் ஏறி இருக்கலாம், காரணம் கேட்கப்படாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தோம்.

இரண்டாவது, காற்று. வழியைத் திருப்பிப் போட்டோம். சைக்கிள்களை லொறியில் ஏற்றி மன்னாருக்கு அனுப்பினோம். ஒன்றோடொன்று உரசாமல் இடையில் சாக்கு வைத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிரேக்கும் பெடலும் வளைந்துதான் இறங்கும். பிள்ளைகள் பஸ்ஸில் போனார்கள். அங்கிருந்து வீடு நோக்கி மிதித்தோம். சோளகம் முதுகில் தள்ளியது. முந்தின வருடம் எங்களை நிற்பாட்டிய அதே காற்றுத்தான். மாசி மாதத்தில் போவதானால் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போது இங்கிருந்து மன்னாருக்குப் போவதுதான் சரி. நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன் காற்றைப் பாருங்கள்.

நாட்காட்டியும் வேண்டும்தான். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. அந்த வாரம் மன்னார் வீதிகளில் சனம் நிறைந்திருக்கும், தங்க இடமும் கிடைக்காது. அவ்வாண்டு நல்லூர்க் கொடியேற்றமும் ஓகஸ்ட் நடுப்பகுதியில் வந்தது. கொடியேறினால் பல வீடுகளில் பிள்ளையை வெளியூருக்கு விடமாட்டார்கள். உயர்தரப் பரீட்சை நடக்கும் காலமாகையால் பரீட்சை நிலையமான பாடசாலைகளில் தங்க முடியாது. நோன்புக் காலமும் சேர்ந்து வந்ததால் சில தேநீர்க் கடைகள் பகலில் பூட்டியிருக்கும். எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தபோது மாதத்தின் முதல் வாரம்தான் மிஞ்சியது.

மூன்றாவது, தூரம். பலமான பிள்ளை ஒருத்தி மணிக்கு இருபது கிலோமீற்றர் மிதிப்பாள். குழு அப்படிப் போகாது. சாதாரண லேடீஸ் சைக்கிள்களில், பை கட்டிக்கொண்டு, இருபது பேர் சேர்ந்து போனால் மணிக்குப் பன்னிரண்டு என்று வையுங்கள். நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் எட்டு ஒன்பதுதான் வரும். காலை ஐந்தே முக்காலுக்கு வெளிச்சம் வரும்போது புறப்பட்டு, பத்தரைக்குள் அன்றைய பயணம் முடிய வேண்டும் என்று கட்டாயமாக வைத்தோம். அப்படியானால் ஒரு நாளைக்கு நாற்பதுக்கு மேல் போக முடியாது. ஆகவே நான்கு நாட்கள்: மன்னாரிலிருந்து இலுப்பைக்கடவை, பிறகு முழங்காவில், பிறகு பூநகரி, பிறகு வீடு. வெயில் நேரம் முழுவதும் நிழலில். மாலையில் பயணம் இல்லை. பொழுதுபட மாடுகள் வந்து சூடான தார்வீதியில் படுத்துவிடும், மன்னார்ப் பக்கம் கழுதைகளும் நிற்கும். வாகனமே தடுமாறும் இடத்தில் டைனமோ வெளிச்சத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோக முடியாது.

நான்காவது, வரிசை. ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தோம். குழுவுக்குள் ஒருவர் பின் ஒருவர், குழுவுக்கும் குழுவுக்கும் இடையில் ஒரு லொறி முந்தி உள்ளே வரக்கூடிய இடைவெளி. மெதுவாக மிதிக்கும் பிள்ளையைக் குழுவின் கடைசியில் விடக்கூடாது. கடைசியில் விட்டால் அவள் நாள் முழுவதும் எட்டிப் பிடிக்கவே மிதிப்பாள், மற்றவர்கள் நின்று இளைப்பாறிவிட்டுப் புறப்படும்போதுதான் அவள் வந்து சேருவாள். இளைப்பாறாமலே திரும்பவும் மிதிப்பாள். அவளை இரண்டாவதாக விடுங்கள். முன்னால் போகிறவள் அவளுடைய மூச்சைக் கேட்டுத் தன் வேகத்தைக் குறைப்பாள்.

ஐந்தாவது, சைக்கிள். பெரும்பாலான பிள்ளைகள் கொண்டுவந்தது அக்காவின் அல்லது அம்மாவின் சைக்கிள். சீற் உயரம் பொருந்தாது. குதிக்காலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். இது ஒன்றைச் சரிசெய்தாலே பாதி முழங்கால் நோ போய்விடும். கல்லூரிக்குப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் மூன்று சனிக்கிழமைகள் வந்து பிள்ளைகளுக்குக் காற்றுப்போன ரியூப் ஒட்டக் கற்றுக்கொடுத்தார். ரியூபைக் கழற்றித் தண்ணீரில் அமத்தி ஓட்டையைக் கண்டுபிடித்து, துடைத்து, உரசி, சொலூசன் பூசி, அது காயும்வரை பொறுத்து, பிறகு ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். அந்தப் பொறுமைதான் பிள்ளைகளுக்கு வராது. ஈரத்தில் ஒட்டினால் ஐந்து கிலோமீற்றரில் திரும்பவும் காற்றுப் போகும். ரயர் அளவுகள் 24, 26, 28 என்று கலந்திருக்கும், மூன்று அளவிலும் மேலதிக ரியூப் கொண்டுபோங்கள்.

பயிற்சிக்கு மூன்று ஓட்டங்கள் வைத்தோம். முதலில் பதினைந்து கிலோமீற்றர், பிறகு இருபத்தைந்து, கடைசியாகப் பையுடன் முப்பத்தைந்து. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய்வந்தால் காற்றும் பழகிவிடும்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் அம்மாமாருக்குத் தெரியாததல்ல. வழியில் புழுக்கொடியலும் எள்ளுருண்டையும், நிற்கும் இடத்தில் உப்புப் போட்ட மோர், மத்தியானம் சோறு, இரவில் ஒருநாள் கூழ். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர் என்று வாகனத்தில் ஏற்றினோம். வழிக் கிணறுகளில் சில உவர். ஜீவனி பக்கற்றுகளும் கையிருப்பில் இருந்தன. அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலக அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, வழியிலுள்ள பொலிஸ் நிலையங்களுக்கு முன்னறிவித்தல் என்பவற்றைச் சொல்லாமலே செய்வீர்கள். இன்று 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. அந்த வசதி அன்று எங்களுக்கு இல்லை. எனினும் ஒவ்வொரு பகுதிக்கும் கிட்டிய வைத்தியசாலை எது என்று எழுதி எல்லா ஆசிரியைகளின் கையிலும் கொடுங்கள்.

அந்த நான்கு நாட்களும் எப்படி இருந்தன என்று கேட்பீர்கள். திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் கால் நனைத்தோம். விடத்தல்தீவுப் பக்கம் கண்டல் மரங்களைப் பார்த்தோம். பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டையின் இடிபாட்டில் நின்று சரித்திர பாடம் படித்தோம். இலுப்பைக்கடவையில், மீள்குடியேறி இன்னும் தகரக் கொட்டிலில் இருந்த ஒரு அம்மா, தன் வீட்டு மலசலகூடத்தை இருபது பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டு, இரண்டு பெரிய வாளி தண்ணீரும் அள்ளிவைத்துவிட்டு வாசலில் நின்றா. பிள்ளைகள் போகும்போது ஆளுக்கொரு வாளி அள்ளி அவவின் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசி நாள் காற்று எழும்புவதற்கு முன் சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்று பூநகரியிலிருந்து நேரத்தோடு புறப்பட்டோம். திறந்த கடல்நீரேரியில் பக்கக் காற்று சைக்கிளை வீதிநடுவுக்குத் தள்ளும். அதனால் பாலத்தில் எல்லோரும் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தோம். முந்தின வருடம் மயங்கி விழுந்த பிள்ளையும் அந்த வரிசையில் இருந்தாள். அவளுக்குக் கொடுத்த பொறுப்பு, நிற்கும் இடமெல்லாம் போத்தல்களைப் பார்ப்பது. நிரம்பியிருந்தால் குடிக்கும்வரை விடமாட்டாள். ஆசிரியைகளின் போத்தலையும் பார்த்தாள்.

சிலர் கேட்பதுபோல் பஸ்ஸில் போனாலும் கோட்டையைப் பார்க்கலாம், பாலாவியைப் பார்க்கலாம். ஆனால் பஸ்ஸில் போகும் பிள்ளையும் தண்ணீர் குடிக்காமல்தான் போகிறாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பிரயாணம் செய்து வளர்ந்தோம். கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்காக ஒரு பயணத்தைத் திட்டமிட்டால், அந்தப் பிள்ளைகள் பிறகு தாங்கள் நடத்தும் பயணத்தையும், அலுவலகத்தையும், பாடசாலையையும் அப்படித்தான் திட்டமிடுவார்கள். ஆபத்து உண்டுதான். நான் அதைக் கண்ணால் கண்டவள். அந்த ஆபத்து சைக்கிளால் வந்ததல்ல, என் திட்டத்தில் இருந்த ஓட்டையால் வந்தது. அதனால் சைக்கிளை விடவேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

வெளிநாட்டுச் சகோதரிகள் சிலர் கியர் சைக்கிள்கள் வாங்கி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் வெள்ளாங்குளத்தில் கியர் உடைந்தால் திருத்த ஆளில்லை. நம்மூர்ச் சைக்கிளை எந்தச் சந்தியிலும் திருத்தலாம். உதவ விரும்பினால் இரண்டு காரியம் செய்யுங்கள். சைக்கிள் இல்லாத காரணத்தால் பெயர் கொடுக்காமல் இருக்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். இல்லையென்று அவர்கள் சொல்லமாட்டார்கள், "எனக்கு விருப்பமில்லை" என்றுதான் சொல்லுவார்கள். பழைய சைக்கிள்களை வாங்கித் திருத்திக் கல்லூரியில் வைத்தால் அந்தப் பிள்ளைகளும் வருவார்கள். மற்றது, வழியில் நாங்கள் தங்கும் பாடசாலைகளில் மலசலகூடங்களுக்குக் கதவும் கொளுக்கியும் தண்ணீர்த் தொட்டியும் போட்டுக் கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் நான்கு நாளில் ஒருமுறை பாவிப்பார்கள். அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் வருடம் முழுவதும் பாவிப்பார்கள்.

அந்த அப்பியாசக் கொப்பியை இன்று கொண்டுவந்திருக்கிறேன். சில பக்கங்களில் மோர் சிந்தியிருக்கிறது. அதில் உள்ள பல இடங்கள் இப்போது மாறியிருக்கும், திறப்பு வைத்திருப்பவர்களும் மாறியிருப்பார்கள். புதிய பொறுப்பாசிரியை அவர்கள் ஒருமுறை அந்த வீதியால் போய் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்துத் திருத்தி எழுத வேண்டும். கூடப் போக ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.